முடிவு சரியானால் போதுமா?

“அவன் குற்றவாளி என்பது ஊருக்கே தெரியும். பிறகு எதற்கு இத்தனை விசாரணை? எதற்கு மேல்முறையீட்டின் மேல் மேல்முறையீடு?” பெரிய வழக்கொன்றின் தீர்ப்புப் பத்திரிகையில் வெளியாகும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. சாப்பாட்டுக் கடை மேசையிலும் எழுகிறது. சங்கக் கட்டிடத்து வாசலிலும் எழுகிறது. கேட்பவர்கள் தீயவர்கள் அல்லர். குற்றம் செய்தவன் தப்பிவிடக் கூடாதே என்னும் நல்லெண்ணமே அவர்களை அப்படிப் பேச வைக்கிறது. ஆகவே அக்கேள்வியை ஏளனம் செய்து ஒதுக்காமல், அதற்கு உரிய மதிப்பளித்துச் சிந்திப்பது நம் கடமையாகும்.

அக்கேள்வியின் உட்பொருள் இதுதான்: முடிவு சரியாக இருந்துவிட்டால், அம்முடிவுக்கு வந்த வழி எப்படியிருந்தாலும் அது நீதியாகிவிடுமா? ஆகாது என்பதே நமது துணிபு. வழியும் நீதியின் ஒரு பாகம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள உயர்ந்த நீதிமன்றங்கள் அண்மை ஆண்டுகளில் அளித்த சில தீர்ப்புகளைக் கொண்டு இதை விளக்க விரும்புகிறோம். ஒன்று சொத்துரிமை பற்றியது; இரண்டு குற்ற வழக்குகள்; மற்றொன்று அரசாங்க அதிகாரம் பற்றியது. நான்கும் வெவ்வேறு விவகாரங்களாயினும், நான்கினுள்ளும் ஓடும் சரடு ஒன்றே.

முதலில் சொத்து. சிலாங்கூரில் ஒரு கம்பெனியின் நிலத்தை நெடுஞ்சாலைக்காக அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நஷ்டஈடு போதாது என்று உரிமையாளர் கோர்ட்டுக்குச் சென்றார். அப்போதிருந்த நில ஆர்ஜிதச் சட்டத்தின் 40D பிரிவு என்ன சொல்லிற்று தெரியுமா? நீதிபதியோடு மதிப்பீட்டாளர் இருவர் அமர்வார்கள். அவர்கள் சொல்லும் தொகையே தீர்ப்பு. இருவரும் வேறுபட்டால் இரண்டில் ஒன்றை நீதிபதி ஏற்க வேண்டும். 2017-ஆம் ஆண்டில் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் இது அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்த்தது. மதிப்பீட்டாளர்கள் சொன்ன தொகை தவறு என்பதல்ல அதற்குக் காரணம். அவர்கள் ஆலோசனை கூறலாம். ஆனால் தீர்ப்பளிக்கும் பொறுப்பை நீதிபதியிடமிருந்து வேறொருவர் வாங்கிக்கொள்ளலாகாது என்பதே காரணம். நமது விஷயத்தை யார் தீர்ப்பதாகச் சொல்கிறார்களோ, அவரே உண்மையில் தீர்க்க வேண்டும். பின்னால் நின்று ஒருவர் சொல்ல, முன்னால் இருந்து ஒருவர் கையெழுத்திட்டால், அத்தொகை காசு பிசகாமல் சரியாக இருந்தாலும் அது தீர்ப்பு ஆகாது.

அடுத்து, உயிர் சம்பந்தப்பட்ட வழக்குகள். மலேசியாவின் அபாயகர மருந்துச் சட்டத்தில் 2014-இல் சேர்க்கப்பட்ட 37A என்னும் பிரிவு, ஓர் அனுமானத்தின்மேல் இன்னோர் அனுமானத்தை ஏற்ற இடங்கொடுத்தது. பை உன் பொறுப்பில் இருந்தது. ஆகவே அதனுள் இருந்த பொருள் உன்னுடையது, அது இன்னதென்று நீ அறிவாய் என்பது முதல் அனுமானம். அந்த அனுமானத்தையே அஸ்திவாரமாக்கி, எடை இவ்வளவு இருப்பதால் நீ கடத்தல்காரன் என்பது இரண்டாவது அனுமானம். முடிவில் தூக்கு மேடை. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஒன்பது நீதிபதிகள் கொண்ட கூட்டரசு நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாததாக்கியது. பொருளை வைத்திருந்த குற்றம் போய்விடவில்லை. தூக்கு மட்டுமே போயிற்று. நிரூபிக்க வேண்டியவர் அரசாங்கத் தரப்பார். அந்தச் சுமை முழுவதையும் கூண்டில் நிற்பவரின் தோளுக்கு மாற்றிவிட்டு, “நீ நிரபராதி என்று காட்டு” என்பது விசாரணை ஆகாது.

சிங்கப்பூரில் நடந்த வழக்கோ நம் நெஞ்சை இன்னும் நெருங்கித் தொடுகிறது. அதில் நின்றவர் மலேசியத் தமிழர் ஒருவர். அவர் கொண்டுவந்தது 40 கிராமுக்குச் சற்று அதிகமான ஹெராயின். அங்கே 15 கிராமைத் தாண்டினால் மரண தண்டனைக்கு உரிய குற்றம். தாம் கொண்டுவந்தது சாக்லேட்டில் கலந்த இலேசான மருந்து என்று நம்பியதாக அவர் சொன்னார். 2017-இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்று, சிறு குற்றத்திற்கு மட்டும் 15 ஆண்டுச் சிறையும் 10 பிரம்படியும் விதித்தது. அரசாங்கத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி மரண தண்டனை விதித்தது. வழக்கு முடிந்தது என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மீண்டும் திறந்து, தூக்கை நீக்கி, பழைய தண்டனையையே நிலைநாட்டியது.

காரணத்தைக் கவனிக்க வேண்டும். “உண்மை தெரிந்துவிடுமோ என்று நீ வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டாய்” என்பதே கீழ்க்கோர்ட்டில் அவருக்கு எதிராக நடத்தப்பட்ட வாதம். மேல்முறையீட்டிலோ “நீ அறிந்திருந்தாய்” என்று அனுமானித்து அவர் தண்டிக்கப்பட்டார். இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம். ஆனால் ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்றொன்றுக்குப் பதிலாகாது. எந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லச் சொன்னார்களோ, அதற்கு அவர் பதில் சொன்னார். தண்டனை வந்ததோ வேறொன்றுக்கு. அந்த வித்தியாசத்தில் ஒரு மனிதரின் கழுத்து இருந்தது.

இங்கே நமக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வருகிறது. பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட பாண்டியன், கோவலனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு கண்ணகி வந்தாள், சிலம்பு உடைந்தது, முத்து இருக்க வேண்டிய இடத்தில் மாணிக்கம் தெறித்தது. பாண்டியன் தன் தவற்றை மறைக்கவில்லை, உயிரையே விட்டான். ஆயினும் கோவலன் திரும்பி வந்தானா? தவற்றை ஒப்புக்கொள்ளும் மனம் பெரிதுதான். அதைவிடப் பெரிது, ஒப்புக்கொள்வதற்கு முன் மனிதன் உயிரோடு இருப்பது. மேல்முறையீட்டின் மேல் மேல்முறையீடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

இனி, அரசாங்க அதிகாரம். இதில் நம் நாட்டுக்குப் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. 1958-இல் மலாயாவில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவரை விசாரித்த அதிகாரியிடம், அவரைக் கடுமையாகக் கண்டித்த ஒரு விசாரணைக் குழுவின் அறிக்கை முன்னதாகவே கொடுக்கப்பட்டிருந்தது. இன்ஸ்பெக்டருக்கோ அது காட்டப்படவில்லை. அக்காலத்தில் நமது இறுதி மேல்முறையீடு லண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 1962-இல் அக்கவுன்சில் அந்த நீக்கம் செல்லாது என்றது. அறிக்கை அதிகாரியின் மனத்தை உண்மையில் கெடுத்ததா என்று ஆராய வேண்டியதே இல்லை. கெடுத்திருக்கக் கூடும் என்பதே போதும் என்று அது கருதியது. தனக்கு எதிராக என்ன சொல்லப்பட்டது என்று அறியாதவன் எதற்கென்று பதில் சொல்வான்?

அந்த விதை முளைத்த மரத்தின் கிளைதான் 2015-ஆம் ஆண்டுச் சிங்கப்பூர்த் தீர்ப்பு. வெளிநாட்டுக் கால்பந்தாட்டங்களில் பணம் கொடுத்து முடிவை மாற்றினார் என்று ஒருவர், 1955 முதல் இருந்துவரும் குற்றவியல் தற்காலிகச் சட்டத்தின்கீழ், வழக்கு விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டார். உலகமே அவரைக் குற்றவாளி என்று பேசிற்று. ஆயினும் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. வெளிநாட்டில் நடந்த ஆட்டங்களால் சிங்கப்பூரின் பொது அமைதிக்கு எவ்வாறு கேடு வந்தது என்று காவல் உத்தரவில் காரணம் காட்டப்படவில்லை என்றது. சட்டம் எதற்காக அதிகாரம் கொடுத்ததோ, அதற்காகவே அதிகாரம் செலுத்தப்பட வேண்டும். வேறொன்றுக்கு, அது எத்துணை நல்ல காரியமாயினும், அந்த அதிகாரத்தை எடுத்தாளலாகாது.

கதை அத்துடன் முடியவில்லை. சில நாட்களுக்குள் அவர் மீண்டும் பிடிக்கப்பட்டு, புதிய உத்தரவின்மேல் காவலில் வைக்கப்பட்டார். 2018-இல் சட்டமே திருத்தப்பட்டது. எந்தெந்தக் குற்றங்களுக்கு இக்காவல் என்று பட்டியல் சேர்ந்தது. மந்திரியின் முடிவே இறுதியானது என்றும் எழுதப்பட்டது. “அப்படியானால் அந்தத் தீர்ப்பினால் விளைந்த பயன் என்ன?” என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தீர்ப்பு அந்த மனிதருக்குத் தந்தது சில நாள் சுதந்திரமே. ஆனால் காரணம் சொல்லாமல் ஒருவரை வைத்திருக்க முடியாது என்பதை அது நிலைநாட்டிற்று. காரணம் எழுத்தில் வந்துவிட்டால், அது சரியா தவறா என்று நாலு பேர் பார்க்கலாம். சொல்லப்படாத காரணத்தை எவரும் எடைபோட முடியாது.

இவ்வழி நடப்பதற்கு விலை இல்லை என்று நாம் சொல்லவில்லை. காலம் போகிறது, பணம் போகிறது, சில வேளைகளில் உண்மையிலேயே குற்றம் செய்தவனும் தப்பிவிடுகிறான். அப்போது பாதிக்கப்பட்டவரின் வீட்டில் எரியும் வயிற்றை எந்தத் தத்துவமும் ஆற்றாது. இதை மறைப்பது நேர்மையன்று. ஆயினும் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். “எனக்கு நிச்சயமாகத் தெரியும்” என்னும் உறுதி, தவறு செய்பவனுக்கும் அதே அளவில் இருக்கிறது. பொற்கொல்லனை நம்பிய பாண்டியனுக்கும் சந்தேகமே இல்லை. கேட்டறிவதைத் தவிர, நம் உறுதியைச் சோதிக்க வேறு உரைகல் நம்மிடம் கிடையாது. அன்றியும், ஒருவனைக் கேளாமல் தண்டிக்கும்போது, அவன் குற்றவாளியேயானாலும், அவனை மனிதனாக அல்ல, அப்புறப்படுத்த வேண்டிய ஒரு பொருளாக நடத்துகிறோம். அது அவனுக்கு இழைக்கும் அநீதி மட்டுமன்று. அடுத்து அந்த இடத்தில் நிற்கப்போகும் நிரபராதிக்கும் இழைக்கும் அநீதி.

இவையெல்லாம் கோர்ட்டுக்குப் போகிறவர்களுக்கு, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. நாமும் நாள்தோறும் தீர்ப்பளிக்கிறோம். சங்கக் கணக்கில் நானூறு வெள்ளி குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். பொருளாளர் அன்று ஊரில் இல்லை. நாலு பேர் கூடிப் பேசுகிறார்கள். நாற்பது பேருக்குச் செய்தி போகிறது. அவர் திரும்பி வருவதற்குள் அவர் பெயர் போய்விடுகிறது. பிறகு ரசீது கிடைத்தால் பணம் திரும்பும், பெயர் திரும்புமா? கடையில் முதலாளி வேலையாளை நிறுத்துகிறார். யார் என்ன சொன்னார்கள் என்று அவனிடம் சொல்வதில்லை. குடும்பத்தில் அண்ணன் தம்பி சொத்துத் தகராறு வருகிறது. பெரியவர் ஒருவர் முன்னிலையில் தீர்ப்பு. ஆனால் அதைத் தீர்த்தவர் அவரல்லர், முன்தினம் இரவே அவர் காதில் ஓதியவர். மேலே கண்ட நான்கு தீர்ப்புகளும் கண்டித்த பிழைகள், உருவம் சிறுத்து, நம் வீட்டுக்குள்ளேயே உலவுகின்றன.

ஆகவே அன்பர்கள் மூன்று காரியங்களை மனத்தில் இருத்துவார்களாக. ஒருவரைக் குறை கூறுமுன், குறை இன்னதென்று அவரிடமே தெளிவாகச் சொல்லுங்கள். அவர் பதிலைக் கேட்டு முடியும்வரை முடிவை ஒத்திவையுங்கள். முடிவு செய்தபின் காரணத்தைச் சொல்லுங்கள். சொல்லக் கூசும் காரணமாக இருந்தால், அந்த முடிவையே மறுபடி பாருங்கள். இதற்குச் சட்டப் படிப்பு வேண்டியதில்லை. சற்றுப் பொறுமை போதும். நீதிமன்றங்கள் நேர்மையாக நடக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை நம் எல்லோருக்கும் உண்டு. நாம் கூடி இருந்து செய்யும் சிறிய தீர்ப்புகளிலும் அந்த நேர்மை இருக்குமாயின், அவ்வுரிமையைத் தலைநிமிர்ந்து கேட்கலாம்.