யார் முகம் பெரிசு?

சினிமாப் போஸ்டரை யாரும் நின்று படிப்பதில்லை. போகிற போக்கில் பார்க்கிறோம். அதனாலேயே அது சொல்கிற நீதி கேள்வியில்லாமல் நமக்குள் இறங்கிவிடுகிறது. எந்த முகம் பெரிசு, எது சின்னது, எந்த நிறத்தவன் நல்லவன் என்பதற்கெல்லாம் அதில் ஓர் இலக்கணம் இருக்கிறது.

தமிழ்ப் போஸ்டரில் நாயகன் முகம் பாதி இடத்தை எடுத்துக்கொள்ளும். நாயகி அவன் தோளருகில், வில்லன் ஓரத்தில், காமெடியன் ஒரு மூலையில். அடியில் கும்பல்: வேட்டி, துண்டு, தீப்பந்தம் தெரியும், முகம் தெரியாது. அதற்கும் கீழே தியேட்டர் பெயர், தினசரி 4 காட்சிகள்.

நிறம் இதைவிட மோசம். பேனர்களைக் கையால் வரைந்த காலத்தில் நாயகன் முகத்துக்கு ரோஸும் மஞ்சளும், வில்லனுக்குப் பச்சையும் நீலமும் பூசுவார்கள். ராத்திரி வெளிச்சத்தில், தூரத்திலிருந்து பளிச்சென்று தெரியவேண்டும் என்ற தொழில் நியாயம் அதற்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ரஜினிகாந்தும் விஜயகாந்தும் கறுப்பு. அதனாலேயே நம் தெருப் பையன்கள் அவர்களை ‘நம்மாளு’ என்றார்கள். அவர்களையும் ரோஸாக்கித்தான் மேலே ஏற்றினார்கள். சங்கப் பாட்டு மாமை நிறத்தைக் கொண்டாடுகிறது என்று பரீட்சை எழுதியவன் நான். பேனரில் அந்த நிறம் அடியாளுக்குத்தான் கிடைத்தது.

தலைப்பெழுத்து இன்னொரு சங்கதி. ‘சின்னக் கவுண்டர்’, ‘தேவர் மகன்’ இரண்டும் 1992இல் வந்தன. 1993இல் ‘எஜமான்’, 1994இல் ‘நாட்டாமை’. எந்தச் சொல்லால் ஆண்டைகளைக் கூப்பிட வைத்தார்களோ, அந்தச் சொல் கொட்டை எழுத்தில் சேரிச் சுவருக்கும் வந்தது. நான் அப்போது கைப்பிள்ளை. எங்கள் ஊரில் அவற்றை ஒட்டியவர் என் சித்தப்பா. டூரிங் டாக்கீஸில் வேலை. மைதாப் பசை வாளியோடு சைக்கிளில் போவார். பிற்பாடு எனக்குச் சொல்லுவார்: “மூஞ்சில மட்டும் சுருக்கம் விழக் கூடாதுடா. கீழ எப்படிப் போனா என்ன, மாடு திங்கப் போவுது.” மாட்டுக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது அந்த முகமில்லாத கும்பல். சித்தப்பாவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. ஓசியில் படம் பார்த்தார்.

இப்போது நம்மவர்கள் படம் எடுக்கிறார்கள். பா. ரஞ்சித்தின் ‘காலா’வுக்கு 2017இல் வந்த முதல் போஸ்டரில் ரஜினி ஜீப் மேல் உட்கார்ந்திருந்தார். வண்டி எண் எம்.எச். 01 பி.ஆர். 1956. பாபாசாகேப் பௌத்தம் தழுவிய ஆண்டு, மறைந்த ஆண்டு. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) பாட்டொன்றில் கதிர் நீலம் பூசிய முகத்தோடு வருகிறான். வில்லனுக்குப் பூசிய அதே நீலம்.

“நம்ம மூஞ்சி ஒரு தடவையாவது பெரிசா வரட்டும் தோழர், மத்தத அப்புறம் பேசலாம்” என்றார் ஒரு மாணவ நண்பர். எனக்குப் பாதிச் சம்மதம். குனிந்தே கிடந்தவர்களுக்கு அண்ணாந்து பார்க்கத் தன்னைப் போல ஒரு முகம் வேண்டும். இதை அழகியல் பேசிக் கேலி செய்கிற மேல்சாதி விமர்சகர்களோடு எனக்கு ஒட்டில்லை. ஆனால் நிறம்தான் மாறியிருக்கிறது, அளவு மாறவில்லையே. சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார் பாபாசாகேப். ஒருவன் முகம் பெரிசாக மற்றவர்கள் சின்னதாகத்தான் வேண்டும் என்ற இலக்கணத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஆளை மட்டும் மாற்றினால், அந்தப் படிக்கட்டு என்ன ஆயிற்று?

சினிமாவோடு போகிற விஷயமாக இருந்தால் விட்டுவிடலாம். போன ஏப்ரல் 14க்கு எங்கள் பகுதியில் வைத்த பேனரில் உள்ளூர்த் தலைவர் ஒருவர் கூலிங் கிளாஸோடு முழு உயரத்துக்கு நின்றார். பாபாசாகேப் மேல்மூலையில், தபால்தலை அளவுக்கு. கீழே வரிசையாக இளைஞர்கள். தெருக் கூட்டி, பந்தலுக்குக் காசு பிரித்து, முந்நூறு பேருக்குச் சோறாக்கிய பெண்கள் ஒருத்தர் முகமும் இல்லை. டிசைன் பண்ணிய தம்பியிடம் கேட்டேன். “சினிமா போஸ்டர் மாதிரி வேணும்னுதானண்ணே கேக்குறாங்க” என்றான். அக்காமார் நாலு பேரையாவது போட்டிருக்கலாமே என்றேன். எடம் பத்தலையாம்.