கல்லான மரமும் கணினியின் சரீரமும்

புதுச்சேரியிலிருந்து மயிலம் செல்லும் சாலையில், தொழிற்சாலைகளின் நெடிய மதில்களுக்கிடையே கிடக்கும் சேதராப்பட்டைத் தத்துவ விசாரத்துக்குரிய க்ஷேத்திரமென்று எவரும் எண்ணத் துணியமாட்டார்கள். ஆயினும், திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழியில் பிறந்த ஷிவ் நாடார் தம் நண்பர்களோடு 1976-இல் தொடங்கிய ஹெச்.சி.எல். நிறுவனம், யூனியன் பிரதேசத்தில் கிடைத்த வரிச்சலுகைகளையும் நாடி வந்து, தன் கணினித் தொழிற்சாலையொன்றை இவ்வூரில் நிறுவி நடத்தியது என்பதையும், பின்னர் அத்தொழிலையே அது கைவிட்டது என்பதையும் நினைக்கும்போது, ‘பீன்ஸ்டாக்’ என்றும் ‘பிஸிபீ’ என்றும் ஒரு காலத்தில் இந்திய வீடுகளிலும் அலுவலகங்களிலும் வழங்கிய கணினிப் பெயர்கள் இன்று பழம்பொருள் சேகரிப்போரின் பேச்சில் மட்டுமே எஞ்சி நிற்பதைக் காணும்போது, பொருள்களின் அநித்தியத்தைப் பற்றி யோசிக்க இதைவிடத் தகுந்த இடம் வேறுண்டோ என்று தோன்றத்தான் செய்கிறது.

நான் சொல்ல வந்தது அநித்தியத்தைப் பற்றியன்று; அது எல்லோரும் அறிந்தது. அழியத் தொடங்கிய ஒன்றை உறுப்புறுப்பாக மாற்றிச் செப்பனிட்டு மீண்டும் ஓடச் செய்த பிறகு, ஓடுவது பழைய பொருள்தானா என்பதே என் கேள்வி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தைச் சேர்ந்த கணினியொன்றின் மூடியைத் திறந்து பார்த்தால் இக்கேள்வி வெறும் வாய்ச்சாலகமன்று என்பது விளங்கும். மதர்போர்டின் ஓரத்தில், நீலநிற உறையிட்ட சிறிய பீப்பாய் போன்ற நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்று சால்டர் செய்யப்பட்டிருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் இயந்திரம் நேரத்தையும் தன் அமைப்பு விவரங்களையும் மறவாதிருக்கும்பொருட்டு வைக்கப்பட்ட அப்பேட்டரியே, ஆண்டுகள் பல கழிந்ததும் காரநீரைக் கசியவிட்டு, அருகிலுள்ள செப்புத் தடங்களைப் பச்சை பூக்க அரித்துத் தின்றுவிடுகிறது. நினைவைக் காக்க வந்ததே உடலுக்குச் சத்துருவாய் முடிகிறது. செப்பனிடுபவர் அதைப் பெயர்த்தெடுத்து, காரத்தைப் போக்க வினிகரால் துடைத்து, அறுந்த தடங்களுக்குப் பதிலாக மெல்லிய ஜம்பர் ஒயர்களைப் பற்றவைக்கிறார். உள்ளிருந்த திரவம் வற்றிப்போன கெபாசிட்டர்களைக் களைந்து புதியவற்றைப் பொருத்துகிறார். சுழல மறுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றாக ஒரு சிறு மெமரி கார்டைச் செருகுகிறார். பிறகு விசையைத் தட்டினால் திரை ஒளிர்கிறது. தேதியோ 1980 ஜனவரி முதல் நாள் என்று வருகிறது. டாஸ் இயக்குமுறையின் காலக்கணக்கு அந்த ஆண்டிலிருந்தே தொடங்குவதால், நினைவிழந்த இயந்திரம் தான் பிறப்பதற்கும் முந்தைய ஒரு நாளுக்குத் திரும்பிச் சென்று நிற்கிறது. புனர்ஜன்மம் எடுத்தவர்களுக்கு முற்பிறவி நினைவு இராது என்று பெரியோர் சொல்வதற்கு இவ்வளவு பொருத்தமான உதாரணம் அவர்களுக்கே கிட்டியிராது.

கப்பலின் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றியபின் அது பழைய கப்பல்தானா என்று கிரேக்கர்கள் வாதித்ததைப் புளூடார்க் எழுதி வைத்திருக்கிறார். நம் பக்கத்தில் இன்னும் ஆழமாக இதே விசாரணையை நடத்தியவர் நாகசேனர் என்னும் பௌத்த பிக்ஷு. மிலிந்தன் என்று பாலி நூல் கூறும் யவன அரசன் மெனாண்டரை நோக்கி, நீ ஏறிவந்த ரதம் எது, அச்சா, சக்கரமா, நுகத்தடியா என்று ஒவ்வோர் உறுப்பாகக் கேட்டு, எதுவுமன்று என்று அவன் வாயாலேயே சொல்லவைத்து, ரதம் என்பது உறுப்புகளின் சேர்க்கையைப் பற்றி வழங்கும் வெறும் நாமமே என்று நிலைநாட்டினார் அவர். நையாயிகர்கள் இதை ஒப்பவில்லை. உறுப்புகளுக்கு வேறாக அவயவி என்றொரு முழுப்பொருள் உண்டென்று பிடிவாதமாக நின்றார்கள்.

இந்த வழக்குக்குச் சேதராப்பட்டின் சுற்றுவட்டாரமே ஒரு சாட்சியை வைத்திருக்கிறது. வடமேற்கே சிறிது தொலைவு சென்றால் வக்கிரகாளியம்மன் சந்நிதியால் பெயர்பெற்ற திருவக்கரை வரும். அங்கே, கடலூர் மணற்பாறையின் செம்மண் மேட்டில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஐரோப்பியரான சொன்னெரா 1781-இலேயே குறித்துவைத்த இம்மரங்களை இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை பூங்காவாக வேலியிட்டுக் காக்கிறது. மண்ணில் புதையுண்ட மரத்துக்குள் நிலத்தடி நீர் ஊறி, அதில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் திசுக்களுக்குள் அணுவணுவாகப் படிந்து அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, மரப்பொருள் அகன்று வடிவம் மட்டும் தங்கிவிட்டது. ஆண்டு வளையமும் கணுவும் கண்ணுக்குத் தெரிகின்றன. கையால் தட்டினால் கல். கணினிச் சில்லின் சிலிக்கானுக்கும் மூலம் இந்தச் சிலிக்காவே என்பதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிவைக்கிறேன். அதன்மேல் பெரிய தத்துவத்தைக் கட்ட நான் விரும்பவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருவக்கரை மரத்தில் பொருள் போய் ரூபம் நின்றது. தொழில் நிற்கவில்லை, அது ஒருகாலும் துளிர்க்கப்போவதில்லை. செப்பனிட்ட கணினியிலோ பொருள் பாதி போயும் தொழில் நிற்கிறது. கண்ணாடிப் பேழைக்குள் மின்சாரமின்றிக் கிடக்கும் தீண்டப்படாத கணினியில் பொருளும் ரூபமும் நின்று, தொழில் போய்விட்டது. இம்மூன்றையும் நாம் கூசாமல் ‘அதுவேதான்’ என்று சொல்கிறோமென்றால், நாகசேனர் புன்னகை செய்ய நியாயமுண்டு.

இங்கே புதுக்காலத்தவர் ஒரு சமாதானம் சொல்வார்கள்: வன்பொருள் உடல், மென்பொருள் ஆன்மா, உடல் எதுவானாலென்ன என்று. எந்தக் கணக்கிடும் இயந்திரத்தையும் பொதுவான ஓர் இயந்திரம் பாவித்துக் காட்டலாம் என்று ஆலன் டியூரிங் 1936-இல் நிறுவியதை ஆதாரமாகக் கொண்டு, பழைய கணினியின் நடத்தையை இன்றைய கைப்பேசிக்குள்ளேயே எமுலேட்டரால் எழுப்பிவிடுகிறார்கள். திருமூலர் சாத்தனூரில் இறந்து கிடந்த இடையனின் உடலுக்குள் புகுந்த கதையும், பிறகு தம் பழைய உடலைத் தேடியபோது அது மறைந்துபோயிருந்த கதையும் இதற்குத் துணையென்று தோன்றலாம். எனக்கு இந்தச் சமாதானம் திருப்தி தரவில்லை. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம், நான்காம் சூத்திரங்களில் உடல் ஆன்மாவன்று என்பதோடு நில்லாமல், புத்தியும் அகங்காரமும் மனமும் கூட ஆன்மாவல்ல என்று ஒதுக்குகிறார். அவையும் சடமே, கருவிகளே. அந்தக் கணக்கில் மென்பொருள் அதிகபட்சம் சூக்ஷ்ம சரீரம். வட்டின் மேல் காந்தம் ஏறிய புள்ளிகளுக்கும் செப்புத் தடத்துக்கும் பேதம் அளவில்தான், ஜாதியில் அன்று. ஆகவே கணினிக்குள் வழக்கைத் தீர்த்துவைக்க ஓர் ஆன்மா எங்கும் ஒளிந்திருக்கவில்லை; சடப்பொருளைப் பொறுத்தமட்டில் சைவன் நாகசேனருக்கு விட்டுக்கொடுத்துவிடலாமென்றே நான் கருதுகிறேன்.

அப்படியானால் ‘அதுவேதான்’ என்னும் சொல் எங்கிருந்து பலம் பெறுகிறது? சங்கற்பத்திலிருந்தும், கைவிடாத பராமரிப்பிலிருந்தும் என்பது என் துணிபு. ஆகமங்கள் இதை அறிந்திருந்தன. கோயிலை ஜீர்ணோத்தாரணம் செய்யும்போது, மூர்த்தியின் சக்தியைக் கலாகர்ஷணத்தால் கும்பத்துக்கு இறக்கி, பாலாலயத்தில் அத்திப்பலகையிலோ வேறொன்றிலோ ஆவாகனம் செய்து நித்திய பூஜையை விடாது நடத்தி, திருப்பணி முடிந்ததும் கும்பாபிஷேகத்தில் மூலத்துக்கே திருப்பிவிடுகிறார்கள். கல் மாறலாம், கோபுரம் மாறலாம். பூஜை மட்டும் ஒருநாளும் அறக்கூடாது. எமுலேட்டரில் பழைய கணக்குப் புத்தகத்தைத் திறப்பவருக்கு அந்தப் பலகையே போதும். ஆனால் ஃப்ளாப்பி கரகரக்கும் வரை காத்திருந்த ஒரு தலைமுறையின் பொறுமை எப்படிப்பட்டது என்று அறிய விரும்புகிறவருக்குப் பலகை போதாது, மூலஸ்தானம் வேண்டும். புதுச்சேரியில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தர் ஜடத்தையும் பிரம்மமென்றே ஏற்று, அதைத் தள்ளிவிடும் துறவை மறுத்ததை இந்தக் கட்சிக்குத் துணையாகக் கொள்ளலாம்.

கடைசியாக, களைந்தெடுத்த உறுப்புகளின் கதி. அருங்காட்சியக வழக்கத்தில் பழகிய செப்பனிடுவோர் பழைய கெபாசிட்டர்களைச் சிறு பையிலிட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி, இயந்திரத்தோடேயே வைக்கிறார்கள். ஆகமமோ பின்னப்பட்ட பிம்பத்தை ஆழ்ந்த நீரில் விடச் சொல்கிறது. காரீயமும் காட்மியமும் கலந்த இந்தப் பிம்பங்களைப் புதுச்சேரிக் கடலில் விட எந்தச் சிவாசாரியாரும் அனுமதிக்கமாட்டாராகையால், இவ்வொரு விஷயத்தில் மட்டும் ஆகமத்தை விட்டு அருங்காட்சியகத்தாரின் பக்கம் சேர்ந்துகொள்கிறேன்.