அந்தக் கைதட்டல் யாருக்கு?



போன மாதம் வாலிபர் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். பாலிடெக்னிக் படிக்கிற ஒரு தம்பி என் பக்கத்தில் வந்து நின்றான். "பாஸ்டர், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றான். "கேளு தம்பி" என்றேன்.

"சண்டைப் படம் பார்த்தா பாவமா பாஸ்டர்? ஆபாசமா ஏதாவது வந்தா எனக்கே தெரியும், நிறுத்திடறேன். ஆனா இதுல கெட்டவனைத்தானே அடிக்கிறாங்க? கெட்டவன்தானே சாகிறான்? அதுல என்ன தப்பு?"

வழக்கமான பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. "சினிமா பிசாசின் வலை. தொடாதே." அப்படிச் சொல்லி ஜெபம் பண்ணி அனுப்பியிருப்பேன். ஆனால் ஆவியானவர் என்னை விடவில்லை. அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது. அதை இந்த மாதம் உங்கள் முன்னால் தீர்த்துவிடுகிறேன்.

சினிமாவுக்குப் போகக் கூடாது என்பது நம் சபைப் பெரியவர்கள் நமக்கு வைத்துப்போன ஒழுங்கு. அதை நான் கேலி செய்கிறவன் அல்ல. ஆனால் அன்றைக்கு கொட்டகை ஊருக்கு ஒன்று இருந்தது, வாசலில் நின்றாலே சபைக்குச் செய்தி வந்துவிடும். இன்றைக்கு கொட்டகை சட்டைப் பைக்குள் இருக்கிறது. பஸ்ஸில் ஓடுகிறது, சொந்தக்காரர் வீட்டு ஹாலில் ஓடுகிறது. நான் படம் தேடிப் போகிறவன் அல்ல. ஆனாலும் எப்போதாவது கண்ணில் பட்டதைப் பார்த்திருக்கிறேன். இல்லை என்று சொன்னால் பொய்.

பஸ்ஸில் நடந்தது

2023-ம் ஆண்டு நவம்பரில் சென்னையில் ஒரு கன்வென்ஷன் கூட்டம் முடிந்து, நானும் என் மனைவியும் இரவு பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். டிரைவர் 'ஜெயிலர்' படம் போட்டார். நெல்சன் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்து அந்த வருஷம் ஆகஸ்ட் 10-ந் தேதி வெளியான படம். நான் வேதாகமத்தைத் திறந்தேன், விளக்கை அணைத்துவிட்டார்கள். கண்ணை மூடினேன், காது மூடவில்லை. கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

கதை உங்களில் பலருக்குத் தெரியும் (எப்படித் தெரியும் என்று நான் கேட்கப் போவதில்லை!). ஓய்வுபெற்ற ஜெயிலர் முத்துவேல் பாண்டியன். மகன் போலீஸ் அதிகாரி. சிலை கடத்தும் கும்பலை விசாரிக்கப் போன மகன் காணாமல் போகிறான். பேரனோடு விளையாடிக்கொண்டிருந்த தகப்பன் எழும்புகிறார். ஒவ்வொருவனாக விழ ஆரம்பிக்கிறான். பஸ்ஸில் பாதிப் பேர் விசில்.

அப்படி ஒருவன் விழுந்தபோது, என்னை அறியாமல் என் கை முழங்காலில் பலமாக அடித்தது. "அப்படிப் போடு!" என்று வாயும் முணுமுணுத்தது.

என் மனைவி திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, யாரை நினைச்சு அடிச்சீங்க?" என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு உடம்பு ஜில்லென்று ஆகிவிட்டது. ஏனென்றால் அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். என் கூடப்பிறந்த அண்ணன், அப்பா விட்டுப்போன தோட்டத்தை எனக்குத் தெரியாமல் தன் பெயருக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் மன்னித்துவிட்டேன் என்று சபையில் சாட்சி சொல்லியிருந்தேன். ஆனால் அந்த இருட்டு பஸ்ஸில், திரையில் விழுந்த அந்த அடியாளுக்கு என் அண்ணனுடைய முகம் இருந்தது. பகையைச் சுமக்கிறவனைக் கொலைகாரனின் வரிசையிலேயே யோவான் நிறுத்துகிறார் (1 யோவான் 3:15). அன்றிரவு நான் அந்த வரிசையில், அதுவும் முன்னால், நின்றுகொண்டிருந்தேன்.

தேவபிள்ளையே, படம் அந்தப் பகையை எனக்குள் போடவில்லை. அது ஏற்கெனவே இருந்தது. படம் அதற்குச் சோறு போட்டது. அதுதான் விஷயம்.

யாருக்கு முகம் உண்டு?

இந்தப் படங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். முதலில் நாயகனுடைய வீட்டைக் காட்டுவார்கள். மனைவி, பேரப்பிள்ளை, சாப்பாடு, சிரிப்பு. பிறகு வில்லனைக் காட்டுவார்கள். அவனுடைய ஆட்களுக்கு வீடு கிடையாது, தாய் கிடையாது, காய்ச்சலில் படுத்த பிள்ளை கிடையாது. ஆகவே அவர்கள் செத்தால் நமக்கு வலிக்காது. ஒரு மனிதனிடமிருந்து முகத்தைப் பிடுங்கிவிட்டால், அவன் சாவுக்குக் கைதட்ட வைப்பது சுலபம்.

ஆனால் அதே 'ஜெயிலர்' முடிவில் என்ன வருகிறது? அந்தக் கும்பலோடு கைகோத்தவனே தன் மகன்தான் என்று தகப்பனுக்குத் தெரியவருகிறது. இப்போது அவர் உடனே சுடவில்லை. சரணடைந்துவிடு என்று கேட்கிறார். மகன் கேட்கவில்லை, கடைசியில் தகப்பனுடைய ஆட்களால் சுடப்பட்டுச் சாகிறான். கவனியுங்கள்! அத்தனை அடியாட்களுக்குக் கிடைக்காத ஒரு தவணை மகனுக்குக் கிடைத்தது. ஏன்? மகனுக்கு முகம் இருந்தது.

தாவீது ராஜாவுக்கும் இதுதான் நடந்தது. அப்சலோமின் யுத்தத்தில் ஒரே நாளில் 20,000 பேர் செத்தார்கள் (2 சாமு. 18:7). செய்தி கொண்டுவந்தவர்களிடம் ராஜா எதைக் கேட்டார்? என் பிள்ளை சுகமா என்றுதான். தகப்பன் அப்படித்தான் கேட்பான், குற்றமில்லை. ஆனால் அந்த 20,000 பேரில் ஒவ்வொருவனும் ஏதோ ஒரு தகப்பனுக்கு அப்சலோம் அல்லவா? நம் பரமபிதாவின் கண்ணில் துணை நடிகன் என்று ஒருவனும் இல்லை! எல்லாரும் அவர் பெயர் சொல்லி அறிந்தவர்கள்.

எல்லாப் படமும் ஒன்று என்று சொல்வது நியாயமல்ல. 2024 ஜூன் மாதம் வந்த 'மகாராஜா' படத்தை மைத்துனர் வீட்டில் பார்க்க நேர்ந்தது. நடுவில் எழுந்து போய்விடலாமா என்றிருந்தது, அவ்வளவு கொடுமை. சிறுவர்கள் பார்க்கக் கூடாத படம். ஆனால் முடிவில், தான் உடந்தையாயிருந்த அக்கிரமம் தன் சொந்த மகளுக்கே நடந்தது என்று அந்த வில்லன் அறிகிறான். அந்த நேரத்தில் ஹாலில் ஒருவரும் கைதட்டவில்லை. எல்லாரும் தலை குனிந்திருந்தார்கள். நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் ஓர் ஆட்டுக்குட்டியின் கதை சொன்னார். கதை கேட்ட ராஜா வில்லன் மேல் கொதித்து, சாகவேண்டும் என்று தீர்ப்பும் சொன்னார். அந்த வில்லன் நீர்தான் என்றார் நாத்தான் (2 சாமு. 12). கேட்கிறவனை நியாயாதிபதியின் நாற்காலியில் உட்காரவைத்து விட்டுவிடுகிற கதை வேறு. அந்த நாற்காலியிலிருந்து இறக்கிவிடுகிற கதை வேறு.

"படம்தானே பாஸ்டர்?"

படம்தான். ஆனால் கைதட்டிப் பழகின கை கொட்டகைக்கு வெளியிலும் தட்டும். 2019 நவம்பரில் ஐதராபாத் அருகே ஒரு கால்நடை மருத்துவப் பெண் கொடூரமாகக் கொல்லப்பட்டாள். கைதான நான்கு பேரும் டிசம்பர் 6-ந் தேதி விடியற்காலையில் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜனங்கள் போலீஸார் மேல் பூக்களைத் தூவினார்கள். நம் விசுவாசிகள் பலரும் "கர்த்தர் நியாயம் செய்தார்" என்று செல்போனில் அனுப்பிக்கொண்டோம். ஆம், நானும் அனுப்பினேன். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் கமிஷனின் அறிக்கை 2022-ல் வெளியானது. கொல்லும் நோக்கத்தோடேயே சுட்டார்கள், செத்த நான்கு பேரில் மூன்று பேர் 18 வயது நிறையாதவர்கள் என்று அந்தக் கமிஷன் முடிவு சொன்னது. பூத் தூவினவர்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்கள்?

2024 அக்டோபரில் வந்த 'வேட்டையன்' இதையே கதையாக்கியது. ஜனங்களின் கோபத்துக்குப் பதிலாக ஒரு போலீஸ் அதிகாரி ஒருவனைச் சுட்டுவிடுகிறார். பிறகு பார்த்தால் அவன் குற்றமற்றவன். ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் படத்திலேயும் நாயகன் நடந்துவரும்போது விசில் அடிக்கிற மாதிரிதான் எடுத்திருக்கிறார்கள். பழக்கம் அவ்வளவு லேசில் போகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு உயிரிழந்தபோது, 'சாமி', 'சிங்கம்' படங்களை எடுத்த டைரக்டர் ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுகிறேன் என்று வெளிப்படையாக அறிக்கை விட்டார். எடுத்தவர் வருத்தப்பட்டார். பார்த்துக் கைதட்டின நாம் வருத்தப்பட்டோமா?

அரசாங்கமும் ஒரு தராசு வைத்திருக்கிறது. 2023-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு யு/ஏ சான்றிதழை 7, 13, 16 என்று வயதுவாரியாக மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் வந்த 'கூலி' படத்துக்கு ஏ சான்றிதழ் கொடுத்தார்கள். அதை யு/ஏ ஆக்கும்படி தயாரிப்பாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் போனது, மனு தள்ளுபடியானது. நல்லது, பிள்ளைகளுக்கு அது வேலி. ஆனால் எந்த வாரியமும் என் இருதயத்துக்குச் சான்றிதழ் தர முடியாது. எனக்கு வயது நாற்பது தாண்டிவிட்டது, ஏ படம் பார்க்க சட்டம் அனுமதிக்கிறது. நாற்பது வயதுக்காரனுக்குள் இருக்கிற பகைக்கு என்ன வயது வரம்பு?

நானூறு பேரும் ஒரு ஸ்திரீயும்

அந்தத் தம்பி விடவில்லை. "பைபிள்ல இல்லாத வெட்டா பாஸ்டர்?" என்றான். நியாயமான கேள்வி. ஏகூத் உண்டு, யாகேல் உண்டு. யாகேலைப் புகழ்ந்து தெபொராள் பாடின பாட்டும் உண்டு. மறைக்க வேண்டியதில்லை. நியாயத்துக்காக ஏங்குவதும் பாவம் அல்ல. கோர்ட் வாசலில் வருஷக்கணக்காக நிற்கிற ஏழைக்குத்தான் அந்த ஏக்கம் தெரியும். பலிபீடத்தின் கீழிருக்கிற பரிசுத்தவான்களின் ஆத்துமாக்களே இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்கிறார்கள் (வெளி. 6:10). ஆனால் அவர்கள் கேட்கிறார்கள். பட்டயத்தைத் தாங்களே எடுக்கவில்லை.

1 சாமுவேல் 25-ம் அதிகாரத்தை வாசியுங்கள். நாபால் தாவீதை அவமானப்படுத்தினான். தாவீது பட்டயம் கட்டிக்கொண்டு 400 பேரோடு புறப்பட்டார். விடிவதற்குள் அந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளையும் மிஞ்சக் கூடாது என்று சபதம்! சினிமாவாக இருந்தால் அதுதான் இடைவேளை. பின்னணி இசை அதிரும். கொட்டகையே எழுந்து நிற்கும். ஆனால் பரிசுத்த ஆவியானவர் அங்கே என்ன எழுதிவைத்தார்? அப்பங்களையும் சமைத்த ஆடுகளையும் கழுதைகள் மேல் ஏற்றிக்கொண்டு ஒரு ஸ்திரீ எதிரே வருகிறாள். அபிகாயில் வழியில் விழுந்து வணங்கி, ஐயா, இந்தப் பழி உமக்கு வேண்டாம், பின்னாளில் உம் மனம் உறுத்தும் என்று சொல்லுகிறாள். தாவீது பட்டயத்தை உறையில் போட்டார். அந்த நாளில் தான் இரத்தம் சிந்தாமல் தடுத்ததற்காக கர்த்தரையும் அவளையும் வாழ்த்தினார்.

வேதாகமத்தில் கைதட்ட வேண்டிய இடம் அதுதான்! பஸ்ஸில் எனக்கு ஓர் அபிகாயிலைக் கர்த்தர் பக்கத்து சீட்டிலேயே வைத்திருந்தார்.

ஆகவே அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: "சபை ஒழுங்கைக் காத்துக்கொள். அதையும் மீறி ஏதாவது கண்ணில் பட்டால், படத்தை நியாயந்தீர்க்கிறதுக்கு முன்னாடி உன்னை மூணு கேள்வி கேள். ஒருத்தன் சாகும்போது நான் சந்தோஷப்பட்டேனா? செத்தவனுக்கு நான் யாருடைய முகத்தை வைத்தேன்? இதைப் பார்த்த கையோடு முழங்கால்படியிட்டு அந்த ஆளுக்காக என்னால் ஜெபிக்க முடியுமா?" மூன்றாவதற்கு முடியாது என்று பதில் வந்தால், படத்தை நிறுத்து. நிறுத்தினால் மட்டும் போதாது, அந்த ஆளிடம் போ.

நானும் போனேன். ஊர் வந்து சேர்ந்த மறுநாள் அண்ணனுக்குப் போன் செய்தேன். வெகுநேரம் பேச்சு வரவில்லை. "அண்ணே, உன்னை நான் மனசுக்குள்ள கொன்னுட்டேன், மன்னிச்சிரு" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டார்.

தோட்டம் இன்னும் வரவில்லை. வழக்கும் முடியவில்லை. நியாயத்தை நியாயமான வழியில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அதில் தவறில்லை. ஆனால் இப்போது காலை ஜெபத்தில் அண்ணன் பெயரைச் சொல்லும்போது தொண்டை அடைப்பதில்லை. அல்லேலூயா!

பிரியமானவர்களே, கல்வாரியில் ஒரு கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது, தலையை ஆட்டிச் சிரித்தது. அங்கே தொங்கினவரோ அந்தக் கூட்டத்துக்காகவே பிதாவிடம் மன்னிப்புக் கேட்டார். நாம் எந்தக் கூட்டத்தில் நிற்கிறோம்?

ஜெபிப்போம்: ஆண்டவரே, நாங்கள் கைதட்டின சாவுகளுக்காக எங்களை மன்னியும். எங்கள் சத்துருவுக்கு நீர் கொடுத்த முகத்தை எங்களுக்குக் காட்டும். எங்கள் பட்டயத்தை உறையில் போடப் பெலன் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் நல்ல பிதாவே, ஆமென். மாரநாதா!

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சகோதரன்