பொறுமையும் ஓர் அமானிதமே

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

சகோதர சகோதரிகளே! திருமறையின் 8-வது அத்தியாயமாகிய அல் அன்ஃபாலின் 46-வது வசனத்தை நாம் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். யுத்த களத்தில் நிற்கும் முஃமின்களுக்கு இறங்கிய கட்டளை அது. அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் கீழ்ப்படிய வேண்டும். தமக்குள் பிணங்கிக் கொள்ளக் கூடாது. பிணங்கினால் நெஞ்சுரம் குன்றும், வலிமை அகலும். ஆகவே பொறுமையைக் கைக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. வலிமை என்று நாம் பொருள் கூறும் இடத்தில் அல்லாஹ் தஆலா 'ரீஹ்' என்ற சொல்லை வைத்திருக்கிறான். காற்று என்பது அதன் நேர்ப்பொருள். பாய்மரம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், காற்று நின்றுவிட்டால் மரக்கலம் நடுக்கடலில் அசையாது நிற்கும். சமுதாயத்தின் கதியும் அதுதான்.

பிணக்கை விலக்கிய அதே வசனத்தில் பொறுமை ஏவப்பட்டிருப்பதையும் கவனியுங்கள். பசியைப் பொறுப்பது பொறுமை. காயத்தைப் பொறுப்பது பொறுமை. தன் கருத்துக்கு மாறான முடிவைப் பொறுப்பதும், தனக்குக் கிடைக்காத பதவி பிறருக்குப் போவதைப் பொறுப்பதும் இவற்றினும் கடினமான பொறுமையாகும். முதல் வகையில் ஏழை எளிய மக்கள் தேறி விடுகிறார்கள். இரண்டாம் வகையில்தான் தலைவர்கள் சறுக்கி விழுகிறார்கள். நம் காலத்திலேயே நடந்து முடிந்த ஒரு வரலாறு இதற்குச் சான்று பகர்கிறது.

1979 டிசம்பர் இறுதியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் நுழைந்தன. அப்போது அந்நாட்டு மக்கள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி. பெரும்பாலோர் உழவர்கள், மந்தை மேய்ப்பவர்கள். எதிரே நின்றதோ உலகின் இரு பெரும் வல்லரசுகளில் ஒன்று. 1980 பிப்ரவரியில் காபூல் நகரத்துக் கடைகள் அடைக்கப்பட்டன. இரவில் மக்கள் வீட்டுக் கூரைகளின் மீது ஏறி நின்று 'அல்லாஹு அக்பர்' என்று முழங்கினார்கள். ஒரு கூரையில் எழுந்த தக்பீரை அடுத்த கூரை ஏற்றுக்கொண்டபோது, அண்டை வீட்டான் எந்தக் குலத்தவன், எந்த மொழி பேசுகிறவன் என்று எவரும் கேட்கவில்லை.

யுத்தம் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. மாண்டவர்கள் பத்து லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாகிஸ்தானிலும் ஈரானிலும் அகதிகளாகக் காலம் கழித்தனர். கூடாரத்திலே பிறந்த குழந்தை கூடாரத்திலேயே ஓதப் பழகியது. இவ்வளவையும் அந்த மக்கள் தாங்கினார்கள். 1989 பிப்ரவரி 15-ஆம் தேதி கடைசி சோவியத் படைப்பிரிவு அமூ நதிப் பாலத்தைக் கடந்து திரும்பிச் சென்றது.

ஆனால், அந்தப் பொறுமையின் பலனை அவர்கள் அனுபவித்தார்களா?

யுத்தம் நடக்கும்போதே பெஷாவரில் ஏழு கட்சிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், தனி அலுவலகம், தனி ஆயுதக் கிடங்கு. உதவி பெறுவதற்காக அகதிகளும் ஏதேனும் ஒரு கட்சியில் பெயர் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. வெளிநாடுகள் தத்தமக்கு வேண்டிய கட்சிக்குப் பணமும் ஆயுதமும் அளித்தன. சோவியத் படை வெளியேறிய பின்னும் காபூல் அரசு 1992 ஏப்ரல் வரை நிலைத்து நின்றதற்குப் பல காரணங்கள் உண்டு. போராளிகளின் பிளவு அவற்றுள் ஒன்று.

அதன் பின் நடந்தவை இதினும் கொடியவை. 1992-இல் பெஷாவரில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அதன் மை காயுமுன் காபூலில் குண்டுகள் விழுந்தன. 1993 மார்ச் மாதம் இஸ்லாமாபாதில் மற்றோர் ஒப்பந்தம் செய்து, மக்கா முகர்ரமாவுக்கே சென்று அதை உறுதிப்படுத்தினார்கள். அதுவும் நிற்கவில்லை. 1994-ஆம் ஆண்டின் முதல் நாளன்றே தலைநகரில் புதிய சண்டை மூண்டது. சோவியத் யுத்தத்தின்போது பெருமளவு சேதமின்றித் தப்பிய காபூல் நகரம், ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்களின் பீரங்கிகளால் இடிந்து கிடந்தது. 1996 செப்டம்பர் 27-இல் தாலிபான்கள் நகரைக் கைப்பற்றியபோது, அந்தத் தலைவர்களில் எவர் கையிலும் தலைநகர் இல்லை.

எந்தத் தலைவர் சரி, எவர் தவறு என்று தீர்ப்புக் கூற நாம் வரவில்லை; அது அல்லாஹ்விடம் இருக்கிறது. நாம் கேட்பது ஒன்றே. கூரை மீதேறித் தக்பீர் சொன்னவனின் துணிவும், கூடாரத்தில் கணவனை இழந்து பிள்ளைகளை வளர்த்த பெண்ணின் பொறுமையும் யாருடைய சொத்து? அவை மக்களின் சொத்து. தலைவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பிறர் ஒப்படைத்த பணத்தைச் செலவழித்தவனை மோசடிக்காரன் என்கிறோம். பிறருடைய பொறுமையைத் தன் பதவிக்காகச் செலவழித்தவனை என்னவென்பது?

அப்படியானால் கருத்து வேறுபாடே கூடாதா என்று சிலர் கேட்கலாம். உஹது யுத்தத்தைப் பாருங்கள். ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு, மதீனாவுக்குள்ளிருந்தே எதிர்ப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பினார்கள்; இளைஞர்கள் பலர் வெளியே சென்று பொருத விரும்பினர். பெருமானார் அவர்களின் கருத்தை ஏற்றுப் புறப்பட்டார்கள். வழியில் அப்துல்லாஹ் பின் உபை, தன் பேச்சு எடுபடவில்லை என்று காரணம் காட்டி, ஏறத்தாழ முந்நூறு பேருடன் திரும்பிவிட்டான். களத்திலோ, எது நேர்ந்தாலும் குன்றை விட்டு இறங்கக் கூடாது என்று நிறுத்தப்பட்ட 50 அம்பெய்வோரில் பெரும்பாலோர், வெற்றி கிட்டிவிட்டதென எண்ணி இறங்கிவிட்டனர். எழுபது பேர் ஷஹீதானார்கள்.

இந்தச் சோதனைக்குப் பின் இறங்கிய கட்டளை என்ன? இனி எவரிடமும் ஆலோசனை கேட்க வேண்டாம் என்றா? இல்லை. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159-வது வசனத்தில், அவர்களை மன்னிக்கும்படியும், காரியங்களில் அவர்களுடன் கலந்தாலோசிக்கும்படியும், உறுதி கொண்டபின் அல்லாஹ்வையே சார்ந்திருக்கும்படியும் அல்லாஹ் தஆலா தன் தூதருக்கு ஏவினான். ஆகவே, மாற்றுக் கருத்துச் சொல்வது குற்றமல்ல. முடிவானபின் பாதி வழியில் திரும்புவதும், காக்க வேண்டிய குன்றைக் கைவிடுவதுமே குற்றம்.

ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டின் அகழ் யுத்தத்தில் இதன் மறுபக்கத்தைக் காண்கிறோம். பத்தாயிரம் பேர் மதீனாவை முற்றுகையிட்டனர். உள்ளே இருந்தவர்கள் பசியால் வாடினர்; நாயகம் (ஸல்) அவர்களே மண் சுமந்தார்கள். முனாஃபிக்குகள் வீட்டைச் சாக்காகக் காட்டி நழுவினார்கள். முஃமின்களோ நின்ற இடத்தில் நின்றார்கள். எதிரிகளின் கூட்டணிக்குள் சந்தேகம் புகுந்தது. ஒருவரையொருவர் நம்பாது போயினர். பின்னர் அல்லாஹ் அனுப்பிய கடுங்காற்றில் அவர்களின் கூடாரங்கள் பெயர்ந்தன. எண்ணிக்கை அவர்களிடம் இருந்தது. 'ரீஹ்' அவர்களிடம் இல்லை.

நாம் எந்தக் களத்திலும் நிற்பவர்கள் அல்லர். ஆயினும் ஒரு ஜமாஅத்தின் பொறுப்பில் இருப்பவரிடமும், ஒரு குடும்பத்தின் மூத்தவரிடமும் மற்றவர்களின் பொறுமை அமானிதமாக இருக்கிறது. அண்ணன் தம்பி வழக்கில் பல ஆண்டுகள் மௌனமாகத் தாங்கிக் கொண்டிருப்பவள் தாய். பள்ளிவாசல் நிர்வாகத் தகராற்றில் படிப்பை இழப்பவர்கள் மதரஸாவின் சிறு பிள்ளைகள். அடுத்த முறை கூட்டத்தில் கோபத்தோடு எழுந்து வெளியேறத் தோன்றும்போது, நாம் யாருடைய பொறுமையைச் செலவழிக்கப் போகிறோம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்து, மீண்டும் உட்கார்ந்துவிடுவோமாக!

யுத்தங்களில் அல்லலுறும் மக்கள் அனைவருக்கும் வல்ல நாயன் ஆறுதலையும் நிம்மதியையும் அருள்வானாக! அவர்களின் பொறுமையை வீணாக்காத தலைவர்களை அவர்களுக்குத் தந்தருள்வானாக! நம் உள்ளங்களை ஒன்றிணைப்பானாக! ஆமீன்.