அளவுகோலும் ஐயமும்

ஒருவன்மீது ஐயம் எழுமாயின் அதனைத் தீர்க்கும் பொறுப்பு யாருடையது? ஐயுறுபவனுடையதா, ஐயுறப்பட்டவனுடையதா? நீதிமன்றத்தில் இதற்கு விடையுண்டு. குற்றஞ்சாட்டுபவனே அதனை நிறுவுதல் வேண்டும். நீதிமன்றத்துக்கு வெளியே இவ்விதி தலைகீழாவதைக் காண்கிறோம். அவ்வாறு தலைகீழாகுங்கால் சான்றைக் கையிலேந்தி நிற்பவன் பெரும்பாலும் நிறத்தாலோ இனத்தாலோ வேறுபட்டவனாகவே இருக்கிறான். முத்தையா முரளிதரனுடைய விளையாட்டு வாழ்க்கையை இவ்வினாவின் ஒளியிலேயே நோக்க விழைகிறேன். அவர் தடைகளை வென்று வீறுகொண்டார் என்ற புகழுரை போதிய அளவு எழுதப்பட்டுவிட்டது.

1995 டிசம்பர் 26 ஆம் நாள், மெல்பேர்ண் மைதானத்தில், மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை முரளிதரனின் பந்தை முறையற்றதென நடுவர் டரல் ஹெயார் அறிவித்தார். அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. அதே நாளில் மைதானத்தின் மறுமுனையிலிருந்து முரளிதரன் நெடுநேரம் பந்து வீசினார். அங்கு நின்ற நடுவர் குறைகாணவில்லை. பத்து நாள்களின் பின் பிரிஸ்பேனில் நடுவர் ரொஸ் எமர்சன் அதே தீர்ப்பை மீண்டும் அளித்தார். பிறவியிலேயே முழுமையாக நீட்டமுடியாத முழங்கை முரளிதரனுடையது. 1996 இல் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் அவரது கை அளக்கப்பட்டது. எறிவதுபோலத் தோன்றுவது கண்ணின் மயக்கமே என முடிவாயிற்று. எனினும் 1999 இல் அடிலெய்டில் எமர்சன் மீண்டும் கையை உயர்த்தினார். 2004 இல் அந்நாட்டுப் பிரதமரே அவரை எறிபவர் என்றார். ஒருமுறை தந்த சான்று ஒருபோதும் போதுமானதாகவில்லை.

இவற்றையெல்லாம் நிறவெறி என ஒரே சொல்லில் அடக்கிவிடல் நேர்மையாகாது. அவரை மிகக் கடுமையாகச் சாடியவர்களுள் இந்தியரான பிஷன் சிங் பேடியும் ஒருவர். மறுபுறம், 2003 இல் இலங்கை அணியினரைக் குறித்து இனவெறிச் சொற்களை உரக்கக் கத்திய டரன் லீமனுக்கு ஐந்து ஒருநாட் போட்டிகளில் தடை விதிக்கப்பட்டதும் அதே அவுஸ்திரேலிய மண்ணிலேதான். வெளிப்படையான வசைக்குத் தண்டனை உண்டு. விதியின் பெயரால் ஒருவனையே உற்றுநோக்கும் பார்வைக்குத் தண்டனை ஏது? எனது அக்கறை இரண்டாவதைப் பற்றியதே.

ஈண்டு ஓர் உண்மை மிகவும் சிந்திக்கத்தக்கது. 2004 இல் சர்வதேச கிரிக்கெட் பேரவை நுண்கருவிகளின் துணையுடன் ஏனைய பந்துவீச்சாளரையும் ஆராய்ந்தபோது, குற்றமற்றவரெனப் புகழப்பெற்றோர் உட்பட மிகப் பெரும்பாலோர் பந்து வீசுகையில் கையை ஓரளவு நிமிர்த்தவே செய்கின்றனர் என்பது புலனாயிற்று. அதன் பின்னரே, 2005 இல், அனைவர்க்கும் 15 பாகை என்னும் எல்லை நடைமுறைக்கு வந்தது. முரளிதரனுக்காக விதி வளைக்கப்பட்டது என்போர் உளர். அவரது ‘தூஸ்ரா’ அன்றைய 5 பாகை எல்லையைக் கடந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவ்விதியை ஏனையோரும் மீறியே வந்தனர். அவர்களை எவரும் அளக்கவில்லை என்பதே வேறுபாடு. அளவுகோல் பொதுவானது, ஐயம் மட்டும் ஒருவனுக்கே உரியதாயிற்று.

இதே அமைப்பை நமது நாட்டின் சட்டத்திலும் காண்கிறோம். தேயிலைத் தோட்ட வேலைக்கெனத் தென்னிந்தியாவினின்றும் வந்தவர் முரளிதரனின் பாட்டனார். அவ்வாறு வந்தோரின் வழித்தோன்றல்கள், தியலும நீர்வீழ்ச்சியைக் காணச் செல்வோர் கடந்துபோகும் கொஸ்லந்தையைச் சூழ்ந்த தோட்டங்களில் இன்றும் வாழ்கின்றனர். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களைப் பெயர்சொல்லி விலக்கவில்லை. தந்தை இலங்கையிற் பிறந்தவர், அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தோர் என நிறுவவேண்டுமென்பதே விதி. சொல்லளவில் அது யாவர்க்கும் பொது. ஆனால் கிராமத்துச் சிங்களவரிடமோ யாழ்ப்பாணத்து வேளாளரிடமோ பாட்டன் பிறந்த ஊரை எவர் வினவினர்? லயன் அறையில் வாழ்ந்தவரிடமே வினவினர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமென எண்ணிப் பிரித்தது. எஞ்சிய நாடற்றோர்க்கு உரிமை வழங்கிய சட்டம் 2003 இலேதான் வந்தது.

வெற்றி இதற்கு விடையாகுமா? 2010 யூலை 22 ஆம் நாள் காலியில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி 800 ஆவது டெஸ்ட் விக்கெட்டை முரளிதரன் பெற்றபோது மலையகமெங்கும் மகிழ்ந்தது இயல்பே. ஆயினும் அவர் லயனிலிருந்து புறப்பட்டவரல்லர். தந்தையார் கண்டிக்கருகே பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். கல்வி, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். ஆய்வுகூடமும் கிரிக்கெட் சபையும் அவருக்குத் துணைநின்றன. கொஸ்லந்தைத் தோட்டச் சிறுவன் லயனுக்கு முன்னுள்ள சரிவில் மென்பந்தை வீசுகிறான். தேயிலைச் செடிக்குள் உருண்டோடிய பந்தைத் தேடுவதிலேயே அவனது பொழுது பாதி கழிகிறது. உலகின் முதல்வனாக இருந்தாலன்றிச் சமமாக மதிக்கப்படான் எனில், சராசரியான மனிதனுக்குச் சமத்துவம் எங்கே?

தமிழராகிய நாமும் இவ்வழுவினின்று விலகியவரல்லேம். 2009 ஆம் ஆண்டு பற்றி முரளிதரன் கூறிய சொற்கள் பலரைப் புண்படுத்தின. அச்சொற்களை மறுத்துரைத்தல் முறையே. ஆனால் அவர் தமிழர்தாமா என்று கேட்கத் துணிந்தோர், கொழுந்து பறிப்போரின் பேரனிடம் வேறொரு பிறப்புச்சான்றையே கோரினர்.

அடிலெய்டில் நிகழ்ந்த ஒன்றை இங்கு குறிப்பிடல் தகும். எமர்சன் கையை உயர்த்தியவுடன் அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க நடுவரோடு வாதிட்டுத் தம் வீரரை அழைத்துக்கொண்டு எல்லைக்கோடு வரை சென்றார், ஆட்டம் தடைப்பட்டது, அதற்கான ஒழுங்கு விசாரணையையும் எதிர்கொண்டார். அவரது செயல் விளையாட்டு மரபுக்கு ஒவ்வாதது என்றோரும் உளர், ஒவ்வாததுதான். 1948 இல் பாராளுமன்றத்தில் இடதுசாரிகளும் செல்வநாயகமும் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்தே பேசினர். ஆனால் வாக்கெடுப்பில் அவர்கள் சிறுபான்மையினர்.