சொந்தப் பட்டறை எப்போது?

மாமல்லபுரத்தில் உளி பிடிக்க வந்துவிட்டதாலேயே ஒருவர் தனிப்பட்டறை போட்டுவிட முடியாது. 1957இல் இங்கே அரசின் சிற்பப் பயிற்சி தொடங்கி, பின்னர் அது கல்லூரியாக வளர்ந்த பிறகும், பழகுபவர் முதலில் படிக்க வேண்டியது கல்லைத்தான். சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். ஓசை மந்தமாக இருந்தால் உள்ளே கீறல் இருக்கலாம். அந்தக் காது இல்லாதவர் வாங்கிய கல் பாதி வேலையில் பிளந்தால், அதுவரை கொடுத்த கூலியும் போச்சு. பிறர் பட்டறையில் அந்த நஷ்டம் முதலாளிக்கு. தனியே வந்தால் தன் தலையில். ஆகவே கைத்திறனைவிட, கல்லையும், சிலையின் உறுப்பளவுகளை வகுக்கும் தாளக் கணக்கையும் எடைபோடும் அறிவே தனித்தொழிலுக்கான தகுதி என்பேன்.

வெட்டும் இயந்திரம் வந்த பிறகு இத்தனை வருடப் பழக்கம் எதற்கு என்று கேட்கலாம். இயந்திரம் வேண்டாத கல்லை வேகமாகக் கழிக்கும். தவறிக் கழித்ததைத் திரும்ப ஒட்டாது; கணக்கு சிற்பியிடம்தான் இருக்க வேண்டும். சிற்பி கணபதி ஸ்தபதி வடித்து, 2000 ஜனவரி 1இல் திறக்கப்பட்ட கன்னியாகுமரி வள்ளுவர் சிலை 133 அடி உயர்ந்து நிற்பது, கல்லின் மேல் கல்லை அடுக்கிய கணக்கால். மாமல்லபுரக் கற்சிற்பங்களுக்கு 2017இல் வந்த புவிசார் குறியீடு ஊர்ப் பெயரைக் காக்கும். ஆனால் ஒரே அச்சுப் பிள்ளையார்கள் நிறைந்த கடைத்தெருவில் தன் சிலைக்கு விலை சொல்வது சிற்பியின் பாடு.