வழுக்கும் ஓடு

மாசி, முதல் வாரம்

தொட்டி ஆறிக்கொண்டிருக்கிறது. பத்தடி நீளம், ஆறடி அகலம், மூன்றரை அடி ஆழம். ஏறக்குறைய 6,000 லிட்டர் பிடிக்கும். புதுச் சிமெண்டின் காரம் போக வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டேன், இறைத்தேன், மறுபடி நிரப்பி மறுபடி ஊறவிட்டேன். மூன்றாவது தடவைதான் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பு வாடை போனது. கொல்லையில் நின்றால் மொட்டை மாடிகளுக்கு மேலே திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை தெரிகிறது. வெயில் அதன் பின்னால் இறங்குகிற நேரத்தில் தொட்டிக்குள்ளும் ஒரு பாறை கிடக்கிறது.

அம்மா திண்ணையிலிருந்து கேட்டாள்: “தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கேடா. மீனை விட வேண்டியதுதானே?”

“இன்னும் ஆளு குடிவரலம்மா” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கே முழுதாகப் புரிந்திருந்ததா என்று சொல்ல முடியாது.

மாசி, அமாவாசைக்கு மறுநாள்

தெளிந்த தண்ணீர் வேறு, நல்ல தண்ணீர் வேறு. அம்மா பிறந்த ஊரில் கலங்கல் தண்ணீர் வந்தால் மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்து வைப்பார்களாம். விடிந்து பார்த்தால் மண்ணெல்லாம் அடியில் படிந்திருக்கும். அந்தக் கொட்டை மண்ணைப் பிடித்து இறக்கும். கரைந்து கிடப்பதை அதனால் தொட முடியாது. மீன் தன் செவுளால் இரவும் பகலும் வெளியேற்றும் அம்மோனியாவுக்கு நிறம் இல்லை, கலங்கல் இல்லை. கண்ணாடி போன்ற தண்ணீரில் மீன் மூச்சுத் திணறும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழங்கை நீள மீன் ஆறுக்கு நாளொன்றுக்கு 60 கிராம் தீனி. அதிலிருந்து இரண்டு கிராம் அளவுக்கு அம்மோனியா வரும். 6,000 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்குச் சற்று மேல். ஒரு நாளைக்கு அவ்வளவுதான். ஆனால் மூன்று நாளில் அது ஒன்றாகிவிடும்.

அந்த ஒன்று எவ்வளவு கொல்லும் என்பதைத் தண்ணீரின் காரம் தீர்மானிக்கிறது. எங்கள் போர் தண்ணீர் கடுந்தண்ணீர். குக்கரின் அடியிலும் குளியலறைக் குழாயிலும் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கும். பிஎச் எட்டுக்குக் கீழே இறங்குவதில்லை. 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் ஏழாக இருந்தால் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இராது. எட்டில் ஏழெட்டுப் பங்கு. எட்டரையில் இருபது பங்கு. அதே மீன், அதே தீனி, அதே அழுக்கு. திண்டுக்கல் தரையில் அது பல மடங்கு கூர்மையாகிவிடுகிறது.

மாசி, கடைசி வாரம்

இரண்டு நீல பேரல் வாங்கினேன், 200 லிட்டர். முன்பு அதில் என்ன இருந்தது என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்ன பிறகே வாங்கினேன். சர்பத் எசன்ஸ் இருந்ததாம். மூடியைத் திறந்ததும் நன்னாரி மணத்தது.

முதல் பேரலுக்குள் தண்ணீர் பக்கவாட்டில் நுழைந்து சுழல வேண்டும். சுழல்கிற தண்ணீர் மெதுவாகும். மெதுவானால் கழிவு அடியில் இறங்கும். இரண்டாவதில் தண்ணீர் கீழிருந்து மேலே ஏறி, மேல்விளிம்புக் குழாய் வழியாகத் தொட்டிக்குத் திரும்ப வேண்டும். இரண்டுக்கும் அடியில் டேங்க் நிப்பிள், இரண்டு அங்குல பால் வால்வு. பிளம்பர் தம்பி சால்வென்ட் தடவிக்கொண்டே கேட்டான்: “அண்ணே, இம்புட்டு வேலைக்கு வாரம் ஒருதரம் தண்ணிய மாத்திப்புட்டா போச்சுல்ல?” நியாயமான கேள்வி. வாரம் ஒருமுறை 6,000 லிட்டரைக் கொட்ட இந்த ஊரில் யாருக்கும் உரிமை இல்லை என்று நினைக்கிறேன். ஆத்தூர் காமராசர் அணையில் தண்ணீர் இறங்கினால் எங்கள் தெருவில் குடங்கள் வரிசைக்கு வந்துவிடும். அவனிடம் அவ்வளவையும் சொல்லவில்லை. “மாத்துனா மீன் பயந்துக்கும்ப்பா” என்றேன். அதுவும் உண்மைதான்.

இரண்டாவது பேரலை எதைக் கொண்டு நிரப்புவது என்பதில்தான் நான்கு நாள் போயிற்று. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா தண்ணீரில் நீந்தித் திரிந்து வேலை செய்வதில்லை. எதையாவது பற்றிக்கொண்டு பிசுபிசுப்பாய்ப் படர்ந்து உட்காரும். அதனால் வேண்டியது பரப்பு. ஒரே கொள்ளளவுக்குள் எவ்வளவு பரப்பை அடைக்க முடியுமோ அவ்வளவு. வெங்காயப் பேட்டையில் காலி வலைச் சாக்குகள் கிடைத்தன, சின்ன வெங்காயம் வந்து இறங்கிய சிவப்புச் சாக்குகள். சருகு போகத் துவைத்துக் காயப்போட்டேன். பாதிச் சாக்குகளில் பாட்டில் மூடிகள், ஒரு வருடமாகத் தெருப் பிள்ளைகள் சேர்த்துக் கொடுத்தவை. மீதியில் இடித்த வீட்டிலிருந்து அள்ளிவந்த நாட்டு ஓட்டுச் சில்லுகள். ஓட்டின் நுண்துளைகள் எனக்குப் பிடிக்கும். சுட்ட மண் தண்ணீரை உறிஞ்சும்போது வருகிற அந்த மெல்லிய ஓசைக்காகவே அதைத் தேர்ந்தேனோ என்னவோ.

பங்குனி

மோட்டாரைப் போட்டாயிற்று. மணிக்கு 3,000 லிட்டர். இரண்டு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீர் முழுவதும் ஒருமுறை பேரலுக்குள் போய் வந்துவிடும். மீன் இல்லை. ஆனாலும் தினம் காலையில் ஒரு பிடி தீனி போடுகிறேன். அது அழுகி அம்மோனியாவாக வேண்டும். வருகிறவர்களுக்குச் சோறு முன்னாலேயே ஆகியிருக்க வேண்டும்.

அம்மா இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் அவளே தீனி டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் காலித் தொட்டியில் தூவிவிட்டு வந்தாள்.

பங்குனி, வளர்பிறை

பதினைந்து நாள் ஆகிவிட்டது. சோதனைக் குப்பியில் சொட்டு மருந்து விட்டால் இன்னும் கரும்பச்சை. அம்மோனியா ஏறிக்கொண்டே போகிறது. ஒன்றும் நடக்கவில்லை.

இந்த நாட்களில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்களை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1877இல் அவர்கள் ஒரு மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாயில் மணலையும் சுண்ணாம்புக்கல் பொடியையும் நிரப்பி, மேலே சாக்கடைத் தண்ணீரை மெல்ல மெல்ல விட்டார்கள். இறங்கிவர எட்டு நாள். இருபது நாள் வரை உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. பிறகு நைட்ரேட் தலைகாட்டியது. கூடிக்கொண்டே போய், கடைசியில் அம்மோனியாவே காணாமல் போயிற்று. வெறும் ரசாயன மாற்றமென்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். அந்த இருபது நாள்தான் அவர்களுக்குத் துப்பு. குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியை விட்டார்கள், மாற்றம் நின்றது. ஆவி முழுவதும் போன பிறகும் திரும்பவில்லை. கொஞ்சம் தோட்டத்து மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார்கள். நைட்ரேட் மறுபடி வந்தது. உள்ளே உயிர் இருக்கிறது என்று, ஒன்றையும் கண்ணால் காணாமலே, காத்திருந்து தெரிந்துகொண்டார்கள். அந்த உயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்ட 1890 வாக்கில் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி வர வேண்டியிருந்தது.

என் பேரலும் அந்தக் குழாய்தான். மணலுக்குப் பதில் ஓடு. சுண்ணாம்புக்கல்லை நான் போட வேண்டியதில்லை. போர் தண்ணீரிலேயே கரைந்து வருகிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற இந்த உயிர்களுக்கு நாலரை கிராம் ஆக்சிஜனும், ஏழு கிராம் அளவுக்குச் சுண்ணாம்பின் காரமும் செலவாகும். மெல்லிய தண்ணீர் உள்ள ஊர்க்காரர்கள் சோடா உப்பு போட்டு ஈடுகட்டுகிறார்கள். நஞ்சைக் கூர்மையாக்கும் அதே கடுந்தண்ணீர்தான் நஞ்சைத் தின்பவர்களுக்கு உணவும். இதை எழுதிவிட்டு வெகுநேரம் குழாயின் வெள்ளைப் பூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆத்தூர்ப் பக்கம் எங்கள் பழைய கிணற்றுக்குப் போனேன். கல்கட்டுக் கிணறு. சிறு வயதில் அதில் ஓர் ஆமை கிடந்தது. தூர் வாரும்போது அதைத் தனியே அண்டாவில் எடுத்து வைத்து, திரும்ப விடுவார்கள். படியோரத்தில் விழுந்து கிடந்த ஓட்டுத்துண்டுகள் நாலைந்தை எடுத்தேன். கையில் நிற்காமல் வழுக்கின. அதே வழுக்கலுக்காகத்தான் அம்மா படிகளைத் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பாள். சுவரை மட்டும் தேய்க்க விடமாட்டாள். ஏனென்று கேட்டால், “அது கெணத்துக்கு உரியது” என்பாள். வேறு விளக்கம் இருந்ததில்லை. துண்டுகளைத் தூக்குவாளியில் கிணற்றுத் தண்ணீரோடு கொண்டுவந்து இரண்டாவது பேரலில் இறக்கினேன்.

சித்திரை

பச்சை வெளிறியது. அது வெளிற வெளிற நைட்ரைட் குப்பி ஊதாவாகியது. முதல் கூட்டம் அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக விடும். அதுவும் நஞ்சுதான், மீனின் ரத்தத்தைப் பழுப்பாக்கி மூச்சைக் கெடுக்கும். இரண்டாவது கூட்டம் அதைத் தின்று நைட்ரேட்டாக்க வேண்டும். அவை வந்து சேர இன்னும் மூன்று வாரம் ஆயிற்று. ஒரு காலையில் இரண்டு குப்பியும் தெளிவாய் நின்றன.

அன்று மாலை ஆறு வண்ணக் கெண்டை மீன்கள் வந்தன. ஜப்பானில் நீகாட்டா மலைக்கிராம விவசாயிகள் பனிக்காலச் சாப்பாட்டுக்காக வளர்த்த கெண்டைகளில் தப்பிப் பிறந்த நிறங்கள்தான் இவற்றின் முன்னோர். 1914இல் டோக்கியோ கண்காட்சிக்குக் கொண்டுபோன பிறகு உலகம் பார்த்தது. அதே 1914இல்தான் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர், சாக்கடையின் வண்டலைக் கொட்டாமல் திரும்பத் திரும்பக் காற்றூட்டி வைத்தால் அதில் வாழும் உயிர்களே கழிவைச் சுத்தம் செய்யும் என்று வெளியிட்டார்கள். இரண்டும் நம் கொல்லையில் வந்து சேர்ந்திருக்கின்றன.

வைகாசி

எழுதத் தயங்கி ஒரு வாரம் தள்ளிப்போட்டேன்.

வீட்டுக்கு விருந்து வந்தது. பேரலின் பழுப்புநிறம் உறுத்தியது. சாக்குகளை வெளியே எடுத்து, ஓஸைப் பிடித்து, குடிநீர்க் குழாய்த் தண்ணீரில் ஓடு செக்கச்செவேலென்று ஆகும்வரை கழுவினேன். குளோரின் கலந்த தண்ணீர். ஷ்லோசிங்கின் குளோரோஃபார்மைப் படித்த நானே செய்தேன். மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. தீனியை நிறுத்தினேன், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினேன், ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ கல்லுப்பு கரைத்துவிட்டேன். உப்பிலுள்ள குளோரைடு செவுளின் வாசலில் நைட்ரைட்டுக்கு இடம் விடாது. நான்கு பிழைத்தன. இரண்டைக் கறிவேப்பிலைச் செடியின் அடியில் புதைத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அது கஷ்டமாக இருந்தது.

கிணற்றிலிருந்து இன்னும் இரண்டு ஓடு கொண்டுவந்திருக்கிறேன். இனிக் கழுவுவதென்றால் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு முக்கு. ஒரு தடவைக்கு ஒரு சாக்கு மட்டும்.

ஆனி

உப்பைப் பற்றி இன்னொன்று. அதை இந்தப் பேரலால் எடுக்கவே முடியாது. ஊரைச் சுற்றித் தோல் பதனிடும் தொழில் பல தலைமுறையாக நடக்கிறது. பச்சைத்தோல் கெடாதிருக்க உப்பில் போட்டு வரும். ஊறவைத்துக் கழுவும் முதல் தண்ணீரிலேயே அந்த உப்பு இறங்கிவிடும். அது நிலத்துக்குள் போன இடங்களில் கிணறுகள் கரித்துப்போயின, தென்னை குரும்பை உதிர்த்தது. அம்மோனியாவைத் தின்ன ஆள் உண்டு. உப்பைத் தின்று தீர்க்க ஓர் உயிரும் இல்லை. மழை வந்து கரைத்துக்கொண்டு போக வேண்டும், வருடக்கணக்கில். கொல்லையில் ஒரு பேரலை வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்காரும்போதெல்லாம் அந்தக் கிணறுகள் நினைவுக்கு வருகின்றன.

தொட்டியில் நைட்ரேட் சேர்கிறது. திரும்பும் குழாயின் வாயில் ஒரு சிறு சிமெண்ட் தொட்டியில் கூழாங்கல் போட்டு, நைட்ரேட்டை உறிஞ்சக் கல்வாழையும் சேம்பும் நட்டிருக்கிறேன். சேம்பிலை ஒன்று முறம் அகலம்.

ஆடி

இன்று பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மின்சாரம் இல்லை. காற்று பேயாய் அடிக்கிறது. மோட்டார் நின்றால், மூடிய பேரலுக்குள் தேங்கும் தண்ணீரில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். பாக்டீரியாக்கள் மூச்சுமுட்டிச் சாகும், பிறகு அந்த அழுகல் தொட்டிக்கு வரும். அதனால் அடிவால்வைத் திறந்து இரண்டாவது பேரலை வடித்துவிட்டேன். பழுப்புத் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக் கறிவேப்பிலைக்குப் போயிற்று. ஈரமாய், காற்றுப் பட இருந்தால் சாயங்காலம்வரை தாங்கும்.

மேலே நனைத்த சணல் சாக்கைப் போர்த்தினேன். காற்றில் அது காய்ந்துகொண்டே இருக்கிறது. அம்மா முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். தொட்டியில் சொம்பை முக்கி, அரைமணிக்கு ஒருதரம் சாக்கின்மேல் ஊற்றுகிறாள். நடுவில் ஒருமுறை சாக்கை விலக்கி ஓர் ஓட்டுத்துண்டை எடுத்துப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள்.

“வழுக்குதுடா” என்று சொல்லிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.